வாடிவாசல் காளைக்குக் கடைத்தெருவில் என்ன வேலை?

நம் இளைஞர்களிடையே அண்மைக் காலமாக ஒரு வாதம் பரவி வருகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது செல்வர்கள் உறையிட்டு மூடி வைத்து, விடுமுறை நாளில் மட்டும் வெளியே எடுக்கும் காட்சிப் பொருளாக இருந்த காலம் போய்விட்டதாம். இன்று அதனை அன்றாட வாகனமாகவே வைத்துக்கொள்ளலாமாம். கடைக்கும் அலுவலகத்துக்கும் அதிலேயே போய் வரலாமாம். இதற்கென்றே படம் எடுத்துக் கைப்பேசியில் உலவவிடுவோர் இருக்கின்றனர். அவற்றைப் பார்த்துவிட்டு, மதுரை மாசி வீதிகளில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் தம்பிமாரும், “வசதி இருந்தால் ஏன் கூடாது?” என்று கேட்கின்றனர். கேட்கட்டும், கேள்வி நியாயமானதே. பெரியவர்கள் அதற்குச் சொல்லும் விடைதான் குறி தவறிப் போகிறது.

பெரியவர்கள் உடனே கையில் எடுப்பது ‘வீண்விரயம்’ என்னும் சொல்லை. அதன் பொருளை அறியாதவர் இவ்விதழின் வாசகருள் இலர். ஆகவே அதனை நாம் இங்கு விரிக்கவில்லை. விரித்தாலும் அந்த இளைஞரிடம் அது எடுபடாது. “என் உழைப்பு, என் பணம், ஜகாத்தும் கொடுத்துவிட்டேன், வருமான வரியும் கட்டிவிட்டேன், உங்களுக்கு என்ன?” என்று ஒரே மூச்சில் வாயடைத்துவிடுவார். மகளின் நிக்காஹ் பந்தலுக்கு இலட்சங்களை வாரி இறைத்துவிட்டு வந்து நிற்கும் பெரியவருக்கு அதன்பின் என்ன மறுமொழி இருக்கும்? எனவே பணத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைப்போம். கார் அவருடையது, அதில் ஐயமில்லை. தெரு யாருடையது? நாம் தொடுக்கும் வழக்கு இது ஒன்றே.

எதிர்த்தரப்பில் உண்மை இல்லாமலில்லை. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1964 முதல் விற்றுவரும் 911 என்னும் கார், வேகத்தோடு அன்றாடப் பயன்பாட்டையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டதே. 1990-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ். என்னும் காரும், நாள்தோறும் தொல்லையின்றி ஓட்டலாம் என்ற பெயரையே மூலதனமாக்கிக்கொண்டது. ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் ஒருவர் அத்தகைய காரில் மருத்துவமனைக்குப் போய் வந்தால் நமக்கு வியப்பில்லை. அங்கே நடப்பவருக்கு நடைபாதை உண்டு. விரைந்து செல்ல விரும்புபவருக்கு ஆட்டோபான் என்னும் தனிப் பெருஞ்சாலை உண்டு. அதன் சில பகுதிகளில் வேக வரம்பே இல்லை. துபாயையும் சான்று காட்டுவார்கள். காவல்துறையே லம்போர்கினி வைத்திருக்கிறதே என்பார்கள். ஆம், 2013-இல் துபாய் காவல்துறை அக்காரை வாங்கியது. ஊருக்கு விளம்பரம் தேடும் ஏற்பாடு அது. ஷேக் ஸாயித் சாலையின் அகலத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போய் அச்சாலையைக் கம்பெனிப் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்தவர்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காரை இறக்குமதி செய்கிறவர்கள் சாலையை இறக்குமதி செய்வதில்லை.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் நடத்திய டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி முதியோர் ஒன்று சொல்வர். மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் கிழித்துவிடாதபடி, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை அனுப்பிச் சாலையிலிருந்து ஆணிகளைத் திரட்டுவாராம். தமக்காகச் செய்தாலும் சாலைக்கும் அதனால் நன்மை. வண்டிக்காரருக்கும் சாலைக்கும் அப்படி ஓர் உறவு இந்த ஊரில் இருந்திருக்கிறது.

லம்போர்கினி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. அந்நிறுவனத்தின் சின்னம் சீறிப் பாயும் காளை. நிறுவனர் ஃபெருச்சியோ லம்போர்கினி முதலில் பெயர் பெற்றது கார் செய்து அன்று. 1948-இல் அவர் தொடங்கியது டிராக்டர் தொழில். கார்த் தொழிற்சாலை 1963-இல்தான் வந்தது. அம்மனிதர் செய்த இரு பொருள்களில் எது வேண்டும் என்று மேலூர், வாடிப்பட்டி விவசாயிகளைக் கேட்டால் அவர்கள் தயங்கமாட்டார்கள்! அது கிடக்கட்டும். காளையை அறியாத ஊரா மதுரை? அவனியாபுரம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பாலமேடும் அலங்காநல்லூரும் கூப்பிடு தூரம். ஜல்லிக்கட்டுக் காளையைப் போல் வேகமும் அழகும் செல்வாக்கும் உள்ள பிராணி இந்தச் சமவெளியில் வேறில்லை. ஆயினும் அதனை வளர்க்கும் குடும்பம், மளிகை வாங்கிவர அதைக் கடைத்தெருவில் அவிழ்த்துவிடுவதில்லை. ஆண்டு முழுதும் அது கயிற்றில் நிற்கும். நடைபழக்கும்போதும் மூக்கணாங்கயிறு கையில் இருக்கும். வாடிவாசல் வழியே அவிழ்க்கும் அன்றைக்கும் இருபுறம் தடுப்பு, காளைக்கு மருத்துவச் சோதனை, பிடிப்பவருக்கு மருத்துவச் சோதனை, வெளியே ஆம்புலன்ஸ் என்று எத்தனையோ ஏற்பாடு. 2014-இல் உச்சநீதிமன்றம் தடைசெய்து, 2017-இல் மாநிலச் சட்டத்தால் மீண்டு, 2023-இல் அந்நீதிமன்றமே அச்சட்டத்தை ஏற்றுக்கொண்ட விளையாட்டு அது. இத்தனைக் கட்டுக்காவலுக்குள்ளும் உயிரிழப்பு நேராத ஆண்டு அரிது.

ஒரு வேறுபாட்டை மட்டும் வாசகர்கள் கருத வேண்டும். வாடிவாசலின் முன் நிற்கும் வாலிபர் தாமே பெயர் கொடுத்து, எண் பொறித்த சட்டை அணிந்து, காளை வரும் என்று அறிந்து நிற்கிறார். சுபுஹுத் தொழுகை முடித்துக் காஜிமார் தெருவிலிருந்து கைத்தடியுடன் திரும்பும் பெரியவர் எந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தார்?

இனி நம் வீதிகளைப் பார்ப்போம். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை, தேருக்கும் பல்லக்குக்கும் நடப்போருக்குமாக அமைக்கப்பட்டவை. வெளி வீதிகள் பின்னால் வந்தவை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை. அவற்றின் அகலத்தை இன்று டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி, மூட்டை சுமப்போர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய எல்லோரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். நெல்பேட்டையிலிருந்து யானைக்கல் வரை மாலை ஆறு மணிக்குச் சைக்கிளை உருட்டிச் செல்பவர் காரை முந்திவிடுவார். இந்த வழியில் வேகத்தடை மேடுகள் எத்தனை! இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நம் வார்டுகளில் கொத்தனாரின் கைவாகே அளவு. ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிறோ தரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 13 செ.மீ. உயரத்தில் இருக்கும். விலை மிகுந்த சிலவற்றில் முன்மூக்கை மட்டும் நான்கு செ.மீ. அளவுக்குத் தூக்கும் பொத்தான் வைத்திருக்கின்றனர். மேடுதோறும் பொத்தானை அழுத்தி, ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கி, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க, கோரிப்பாளையம் போய்ச் சேரும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பிறந்தது மாட்டுவண்டியின் நடையில்!

இது நகைப்புக்குரியது, அவ்வளவே. ஊர்கின்ற வரையில் எவருக்கும் தீங்கில்லை. ஊர்ந்து ஊர்ந்து பொறுமையிழந்த கால், வெறுமையான சாலையைக் கண்டதும் என்ன செய்யும் என்பதுதான் நம் கவலை.

அந்த வெறுமை நகரின் ஓரத்தில் கிடைக்கிறது. 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கி.மீ. நீளம். திருமங்கலத்தைத் தாண்டினால் விருதுநகர் நோக்கி நான்கு வழிச் சாலை. மேலூர்ப் பக்கம் திருச்சிச் சாலை. பார்வைக்கு ஜெர்மனி போலத்தான் இருக்கும். ஆனால் அறுவடைக் காலத்தில் சாலையோரத் தாரின்மேல் நெல் காயும். மேய்ந்து திரும்பும் வெள்ளாட்டு மந்தை நடுத்திட்டின் இடைவெளியில் கடக்கும். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி மக்கள் இரவிலும் நடந்து போவர். விடியுமுன் மல்லிகை மூட்டையை மொபெட்டின் பின்னே கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விரைவோரில் பலருக்குப் பின்விளக்கு எரியாது. எதிர்த்திசையில் வருவோரும் உண்டு. அரைக் கல் சுற்றிவரச் சோம்பி நம் மக்கள் செய்யும் குற்றம் அது. குற்றம்தான், ஆனால் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டிய குற்றமன்று.

கணக்கைச் சற்று நோக்குவோம். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை இக்கார்கள் மூன்று நொடிக்குச் சற்று முன்பின்னாக எட்டிவிடுகின்றன. அதற்குள் கடக்கும் தூரம் சுமார் 50 மீட்டர். கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு கடை வாசல்கள். நூறில் ஓடும் கார் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் செல்லும். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும். வைத்த பிறகும் நிற்கத் தூரம் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. சாலையைக் கடக்கும் மனிதர் தொலைவில் வரும் வண்டியை மதிப்பிடுவது எதைக் கொண்டு? தம் வாழ்நாள் பழக்கத்தைக் கொண்டே. டவுன் பஸ் இவ்வளவு தூரத்தில் வந்தால் கடந்துவிடலாம் என்பதை அவர் கால்கள் அறியும். லாரியையும் ஆட்டோவையும் அவை அவ்வாறே அறியும். மூன்று நொடியில் நூறைத் தொடும் ஒன்றை அவை அறியா. அவர் திரும்பிப் பார்த்தபோது கார் தூரத்தில்தான் இருந்தது, மெதுவாகத்தான் வந்தது. அவர் கணக்கில் பிழையில்லை. ஒரு தெருவில் வாழும் எல்லோரும் சொல்லாமலே ஒத்துக்கொண்ட வேகம் ஒன்று இருக்கிறது. அதனை ஒருவர் மட்டும் மீறும்போது மற்றெல்லோருடைய கண்ணும் காலும் பொய்த்துப் போகின்றன. “என் காரில் நல்ல பிரேக் இருக்கிறது, காற்றுப்பைகள் இருக்கின்றன” என்பது உள்ளே இருப்பவருக்குச் சமாதானம். வெளியே நடப்பவருக்கு ஏது காற்றுப்பை?

2018-இல் மத்திய அரசு வேக வரம்புகளை உயர்த்தியபோதும் விரைவுச்சாலைக்கு 120, நகராட்சி எல்லைக்குள் 70 என்றே கார்களுக்கு வகுத்தது. அதுவும் மிகுதி என்று கருதிய சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அவ்வறிவிக்கையை ரத்துச் செய்தது.

“ஓட்டத் தெரிந்தவன் கையில் எதுவும் ஆபத்தில்லை” என்பார்கள். 2016 செப்டம்பரில் சென்னை கதீட்ரல் சாலைப் பகுதியில், விடியுமுன், ஒரு போர்ஷே கார் ஓரமாக நிறுத்தியிருந்த ஆட்டோக்களின் வரிசையில் பாய்ந்தது. பத்துக்கு மேற்பட்ட ஆட்டோக்கள் நொறுங்கின. ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்தார். கைதானவர் கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்ட இளைஞர். ஓட்டத் தெரிந்தவரே! நின்ற வண்டிகளே தப்பவில்லை என்றால், நடக்கும் மனிதர் எம்மாத்திரம்?

புனே நகரில் 2024 மே 19 பின்னிரவில் நடந்ததை நாடே அறியும். போர்ஷே டைக்கான் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியாளர்கள் மாண்டனர். ஓட்டியதாக வழக்கில் சொல்லப்பட்டவனுக்கு வயது பதினேழு. சாலை விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சிறார் நீதி வாரியம் முதலில் ஜாமீன் கொடுத்தது, நாடு கொதித்தது, சில நாளில் அவ்வுத்தரவு மாறியது. இரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக மருத்துவர்கள்மீதும் வழக்கு வந்தது. கட்டுரையைவிட நம் நெஞ்சைத் தைத்த செய்தி வேறு. கோடியைத் தாண்டிய விலையுள்ள அக்கார் நிரந்தரப் பதிவில்லாமலே தெருவில் ஓடியிருக்கிறது. கட்டாமல் விட்ட கட்டணம் 1,758 ரூபாய்!

வேகத்தை நாம் வெறுக்கவில்லை. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானபோது நாமும் மகிழ்ந்தோம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தளங்கள் உள்ளன, ஆசையுள்ளவர் பழகட்டும். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சென்னைச் சாலைகளிலேயே ஃபார்முலா நான்கு பந்தயம் நடந்தது. எப்படி நடந்தது? பொதுப் போக்குவரத்தை விலக்கி, சாலையின் இருமருங்கும் தடுப்பு எழுப்பி, உலக மோட்டார் பந்தய அமைப்பின் பாதுகாப்புச் சான்றுக்குக் காத்திருந்து நடந்தது. அரசாங்கமே விரும்பினாலும் அத்தனைக் காவலின்றி அவிழ்க்க முடியாததை, தனி மனிதர் சாவியைத் திருகி மாசி வீதியில் அவிழ்ப்பதா?

“லாரியும் பஸ்ஸும் கொல்லாததையா இந்தக் கார் கொன்றுவிடப் போகிறது?” என்று கேட்போர்க்கும் விடை சொல்வோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு. இவற்றில் ஸ்போர்ட்ஸ் காரின் பங்கு மிகச் சிறிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசு அறிக்கையே மேலும் இரண்டு கூறுகிறது. இறந்தோரில் நூற்றுக்கு எழுபத்தோரு பேர் மிதமிஞ்சிய வேகத்தால் இறந்தனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

இங்கேதான் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஸ்போர்ட்ஸ் கார் நம்மில் எத்தனைப் பேர் வீட்டில் உண்டு? ஆயிரத்தில் ஒருவர் வீட்டிலும் இராது. அதன் தம்பி இருக்கிறான். 2008-இல் யமஹாவின் ஆர் 15, 2012-இல் கே.டி.எம். டியூக் என்று வரிசையாக வந்த பந்தயச் சாயல் மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கோடி ரூபாய்க் கனவைத் தவணைப் பணத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. அதே குனிந்த உடல், அதே உறுமல், அதே ‘அன்றாடம் ஓட்டலாம்’ என்னும் வாதம். எண்பதுகளிலும் வேகப் பித்து இல்லாமலில்லை. 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 எத்தனை வாலிபர்களை ஆட்டிவைத்தது! ஆயினும் அதன் நீண்ட இருக்கையில் அம்மா உட்காரலாம். காய்கறிப் பை மாட்டலாம். இன்றைய பந்தய வண்டியின் பின்னிருக்கையோ உயரத்தில் ஏறிய ஒரு கையகல மெத்தை. புடவையோ புர்காவோ அணிந்த பெண் ஒருபக்கமாக உட்கார அதில் இடமில்லை. பின்னால் அமர்பவர் பற்றிக்கொள்ளப் பிடியும், ஊன்றக் காற்படியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. வண்டியின் அழகு கெடுகிறது என்று அந்த மறைப்பைக் கழற்றி எறிவதுதான் நம் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை. அதன் விளைவு என்ன? ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி முற்றத்தில் நிற்க, அம்மா சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்க இராசாசி மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார்.

இதனை வாங்கிக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் அத்தாதான், சவூதியிலோ குவைத்திலோ இருந்துகொண்டு, அருகில் இல்லாத குறையை வண்டியால் நிரப்ப நினைக்கும் அத்தா. அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆயினும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், குற்றவாளியாகக் கருதப்படுபவர் பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. வண்டி பெரும்பாலும் அம்மாவின் பெயரில் இருக்கும். நீதிமன்றப் படியேறுவது யார் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றொரு வழியாலும் இது வீட்டுக்குள் வருகிறது. கைக்கூலி வாங்குவதில்லை என்று மேடையில் முழங்கிவிட்டு, “மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி மட்டும்” என்று மெல்ல இழுப்பார்கள். அந்த ‘ஒரு வண்டி’ முன்பு மொபெட்டாகவோ ஸ்கூட்டராகவோ இருந்தது. இப்பொழுது மாடலும் நிறமும் குறித்தே கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டு வாங்கித் தருவது, தம் மகள் ஏறி உட்கார முடியாத வண்டி! நிக்காஹ் பேசி முடிக்கும் சபையில் ஜமாஅத்தார் அமர்ந்திருக்கிறார்களே, இதைக் கேட்க அவர்களுக்கு நா எழவில்லையா?

மகனின் பிடிவாதத்தை என்ன செய்வது என்று கேட்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. விற்பனை நிலையங்களில் சோதனை ஓட்டத்துக்கு வண்டி தருகிறார்கள். மகனை முன்னே உட்கார வைத்து, அம்மா பின்னே ஏறி, நெல்பேட்டையிலிருந்து கோரிப்பாளையம் தர்கா வரை மாலை நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். முன்பணம் கட்டுவது திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.